மூன்றரை மணி பஸ்ஸில் வந்த வம்சம்

என் மனைவியின் பெயர் வள்ளிமயில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெண்ணெடுத்த குடும்பத்தில் மனைவி பேரை மறப்பது சர்க்கரை வியாதியைப் போல வழிவழியாக வருவது, மருமகன் என்பதால் எனக்கு ஒட்டாது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

சங்கிலியூரணியில் அந்தக் குடும்பம் தளவாய் வம்சம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது, என்றைக்கோ ஒரு ராஜாவிடம் படைத்தளபதியாக இருந்த ஒருவரின் ரத்தம் தங்கள் உடம்பில் ஓடுகிறது என்று அவர்கள் நம்பினார்கள். அதற்கு இருந்த ஒரே ஆதாரம், எல்லோருக்கும் மூக்கு கொஞ்சம் இடப்பக்கமாகக் கோணியிருந்தது, அது மூதாதை வாங்கிய வாள்வெட்டு பரம்பரையாக இறங்கியது என்பது. இந்த மூக்கை ஆவணப்படுத்துவதற்காக என் மனைவியின் பெரியப்பா மகன் சங்கரபாண்டியன், பத்திரப்பதிவு ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் சொத்துக்கு முத்திரை குத்திக் களைத்து ஓய்வு பெற்றவர், வாட்ஸ்அப்பில் 'தளவாய் வம்சம் (அதிகாரபூர்வம்)' என்று ஒரு குழு தொடங்கினார். அதிகாரபூர்வம் என்று ஏன் போட்டார் என்றால், தளவாய் ஏறிய குதிரை வெள்ளையா கறுப்பா என்ற வாக்குவாதத்தில் அவருடைய தம்பி பிரிந்துபோய் 'தளவாய் வம்சம் (ஒரிஜினல்)' என்று வேறொன்று தொடங்கியிருந்தார்.

குழுவில் ஒரு நடைமுறை உண்டு. யாராவது ஒரு பழைய காகிதத்தைப் படம் எடுத்துப் போட வேண்டும், சென்னையிலும் துபாயிலும் பினாங்கிலும் இருக்கிற பங்காளிகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துச் சண்டை போட வேண்டும், சண்டை ஓய்ந்ததும் ஒவ்வொருவராகக் கட்டைவிரலைப் போட வேண்டும். கடைசிக் கட்டைவிரலும் விழுந்த பிறகுதான் அந்தப் பேர் வம்ச மரத்தில் ஏறும். ஒரு விரல் குறைந்தாலும் ஏறாது. பத்திரப்பதிவில் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் எதையும் பதியாத பழக்கம் சங்கரபாண்டியனுக்கு.

அப்படி முதலில் ஏறிய பேர் அவர்களுடைய பூட்டன் வெள்ளையப்பனுடையது. பனங்காட்டை விற்றுக் கைநாட்டு வைத்த கிரயப் பத்திரம் ஒன்று தாலுகா ஆபீஸ் நகலில் கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கடைசிக் கட்டைவிரல் பினாங்கிலிருந்து விழுந்தது. அன்று விளாத்திகுளத்திலிருந்து வரும் மூன்றரை மணி பஸ்ஸில் வெள்ளையப்பன் வந்து இறங்கினார்.

வலதுகைக் கட்டைவிரலில் மை ஈரமாக இருந்தது. அதைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டீக்கடைக்காரரிடம், "எங்கன வைக்கணும் சாமி?" என்று கேட்டார். டீக்கடைக்காரருக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை, தளவாய் வீட்டுக்கு வழி கேட்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான் இருப்பார்கள் என்று மூக்கைப் பார்த்து அடையாளம் கண்டு, சங்கரபாண்டியன் வீட்டைக் கைகாட்டினார். அங்கே போய் அவர் கதவில் ஒரு நாட்டு வைத்தார், காலண்டரில் ஒன்று வைத்தார், பிரிட்ஜின் மேல் ஒன்று வைத்தார். அந்த மை கடைசிவரை காயவேயில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதே மூன்றரை மணி பஸ்ஸில்தான் வந்தார்கள், காகிதம் அவர்களை எந்த வயதில் எந்தக் கோலத்தில் பிடித்து வைத்திருந்ததோ அந்த வயதில் அந்தக் கோலத்திலேயே வந்தார்கள். பள்ளிக்கூட அட்டென்டன்ஸில் கிடைத்த சின்னத்தாத்தா மூக்கொழுக வந்தார். கோர்ட்டுத் தீர்ப்பில் கிடைத்த ஒருவர் தோளில் களவாடிய ஆட்டோடு வந்தார், ஆடு வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தது. அன்றைக்குக் குழுவில் அந்தத் தீர்ப்பின் படத்தை அவசரமாக அழித்துப் பார்த்தார்கள், ஆட்டுக்காரர் போகவில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

ஊர் இதற்குப் பழகிவிட்டது. முதல் மாதம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் மாதம் புகார் சொன்னார்கள், மூன்றாம் மாதம் அதிலிருந்து என்ன கிடைக்கும் என்று யோசித்தார்கள். பஸ் கண்டக்டர் அவர்கள் நீட்டிய ராஜா தலைக் காசுகளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, செல்லாத காசு என்று அலுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் விற்றுவிட்டு வந்தார். ரேஷன் கடையில் இறப்புச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு அரிசி கிடையாது என்று போர்டு எழுதி மாட்டினார்கள். தேர்தல் வேலையாக வந்த கட்சிக்காரர் ஒருவர், இவர்களில் பாதிப்பேர் பெயர் வாக்காளர் பட்டியலில் இன்னும் நீக்கப்படாமல் இருப்பதைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு போர்த்தி, உடல்நலம் விசாரித்துவிட்டுப் போனார். குலப்பெருமை பேசிக்கொண்டிருந்த பங்காளிகளோ மூதாதையரைப் பங்கு பிரித்துக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்கள். பல் இருக்கிறவரை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பல் இல்லாதவரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று ஒரே நாளில் மூன்று பஞ்சாயத்து நடந்தது.

வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். இதை முதலில் கவனித்தது என் மனைவிதான்.

வள்ளிமயில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாருக்கு யார் பேரில் தபால் வருகிறது என்று முப்பத்தைந்து வருஷம் படித்துப் பிரித்தவள். ஆனால் அவளுடைய அம்மாவின் பெயர் அவளுக்குத் தெரியாது. இவளைப் பெற்ற வாரத்திலேயே அம்மா போய்விட்டாள். வாழ வந்த பெண்களை அந்த வீட்டில் பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அம்மா ஓடைக்கரைப்பட்டியிலிருந்து வந்தவள், அதனால் ஓடைக்கரையாள். அம்மா வழி ஆட்கள் சாவு வீட்டிலேயே சண்டை போட்டு உறவை அறுத்துக்கொண்டு, மைசூர்ப் பக்கம் பிழைக்கப் போனவர்கள் திரும்பவில்லை. போட்டோ கிடையாது. வள்ளிமயிலின் பிறப்புப் பதிவை எடுத்துப் பார்த்தோம், தகப்பன் பேர் தாத்தா பேரோடு அழகாக எழுதியிருந்தது. தாயின் பெயர் என்ற கட்டத்தில் 'மேற்படியார் மனைவி' என்று இருந்தது.

ஊரெல்லாம் பூட்டன்களும் ஓட்டன்களும் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது, அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாமல் காகிதம் இல்லை, காகிதம் இல்லாமல் கட்டைவிரல் இல்லை, கட்டைவிரல் இல்லாமல் பஸ்ஸில் யாரும் வரமாட்டார்கள். அவள் தினமும் மூன்றரை மணிக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய் நிற்பதும், வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருவதுமாக இருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை, அது கூடத்தில் கிடந்து காய்ந்தது.

முதலில் அவள் அப்பாவை வரவழைத்துக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். என் மாமனார் கந்தவேலுக்குக் கிடைத்த ஒரே சான்று, மாட்டுக்குத் தடுப்பூசி போட்ட அட்டை. குழுவில் விரல்கள் விழுந்தன. மாமனார் நாற்பது வயசு ஆளாக, மாட்டைக் கையில் பிடித்தபடி பஸ்ஸிலிருந்து இறங்கினார். கண்டக்டர் மாட்டுக்கும் டிக்கெட் கேட்டுத் தகராறு செய்தார். தன்னைவிட இருபது வயசு இளையவராக நின்ற அப்பாவை வள்ளிமயில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, அம்மா பேர் என்ன என்று கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார், மாட்டைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"கல்யாணத்துல ஒருக்கச் சொன்னாவ தாயி. மேளச் சத்தத்துல சரியா வெளங்கல. பொறகு கேக்கதுக்குக் கூச்சமா இருந்துச்சு," என்றார்.

மாட்டின் பெயர் லட்சுமி. அது அட்டையிலேயே எழுதியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் என் மனைவி கொல்லைப்புறத்தில் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை, மாமனாருக்கு மறுபடி மோர் கொடுத்துத் தொலைத்தேன்.

அவள் குழுவில் எழுதிக் கேட்டாள், பெண்களையும் மரத்தில் ஏற்றினால் என்ன, எல்லோரும் சேர்ந்து தேடினால் கிடைக்காதா என்று. சங்கரபாண்டியன் பதில் நீளமாகப் போட்டார். பெண்கள் குலவிளக்குகள், தாய்மையைப் போற்றுகிற வம்சம் இது, ஆனால் வந்தவர்கள் வேறு மரத்தின் கிளை, போனவர்கள் வேறு மரத்தின் கிளை, ஆகவே தொழில்நுட்ப ரீதியில் இடமில்லை. அதற்குக் கீழே துபாயிலிருந்து ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர் அன்னையர் தினத்துக்கு வைத்திருந்த ரோஜாப்பூவை எடுத்து இப்போதே போட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் செப்பேடு கிடைத்தது. மதுரையில் பழம்பொருள் விற்கிற ஒருவரிடம் சங்கரபாண்டியன் அதைக் கண்டுபிடித்தார். செம்புத் தகட்டில் தளவாய் ஒருவர் கொடுத்த மானியம் வெட்டியிருந்தது, அதில் காத்தப்பன் என்ற பேரும் இருந்தது. காத்தப்பன் இந்தக் குடும்பத்தில் பேரன் மாற்றிப் பேரனுக்கு விடாமல் வைத்து வருகிற பேர். இதைவிட என்ன வேண்டும்? காகிதம் அல்லாததை ஆவணமாக ஏற்கலாமா என்று பினாங்குக்காரர் ஒரு சந்தேகம் கிளப்பினார். காகிதம் செல்லரிக்கும், உலோகம் செல்லரிக்காது, உலோகத்தில் வெட்டிய எழுத்தே ஆவணங்களில் தலையாயது என்று சங்கரபாண்டியன் அடித்துச் சொல்லிவிட்டார். பேருக்கு அடுத்த வரியைப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை. விரல்கள் மழையாகக் கொட்டின.

பஸ் ஸ்டாப்பில் அலங்கார வளைவு வைத்தார்கள், கொட்டுமேளம் சொன்னார்கள், தளவாய் ஏறிவருவதற்கென்று கோவில்பட்டியிலிருந்து கல்யாணக் குதிரை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குதிரை கறுப்பாக இருந்ததால் தம்பியின் குழுவும் சமாதானமாகி வந்திருந்தது. மூன்றரை மணி பஸ் வந்தது. அதிலிருந்து இடுப்பில் கோவணமும் தலையில் பெரிய புல்லுக்கட்டுமாக, மூக்கு இடப்பக்கம் கோணிய ஒரு குள்ளமான மனிதர் இறங்கினார். மேளக்காரரைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், குதிரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கட்டை இறக்கி அவிழ்த்து, ஒரு கை புல்லை உருவி அதன் வாயில் கொடுத்தார். குதிரை தின்றது. செப்பேட்டின் அடுத்த வரியில், குதிரைக்குப் புல் அறுக்கிற காத்தப்பனுக்கு நாளொன்றுக்கு அரைப்படி கம்பு என்று இருந்தது.

பத்திரப்பதிவு ஆபீஸ் மூளை லேசுப்பட்டதல்ல. மறுநாள் காலையில் வந்த புது பேனரில் 'குதிரைப்படைத் தீவன நிர்வாகத் தலைவர் மாவீரர் காத்தப்பனார்' என்று போட்டிருந்தது.

ஆனால் மாவீரருக்குச் சோறு போட வேண்டுமே. அவர் ஒரு வேளைக்குத் தின்பதை மற்ற மூதாதையர் நான்கு பேர் சேர்ந்தாலும் தின்ன முடியாது. சங்கரபாண்டியன் மனைவி குருவம்மாள் மதினி வீட்டில் இருந்த பாத்திரம் போதாமல் பரணில் கிடந்த பழைய பித்தளைச் சாமான்களை எல்லாம் இறக்கினாள். அந்தக் குடும்பத்தின் பழைய வீடு அதுதான், யார் யார் சீராகக் கொண்டுவந்ததோ எல்லாம் அந்தப் பரணில்தான் கிடந்தது. கைக்கு ஆள் வேண்டும் என்று என் மனைவியையும் கூப்பிட்டாள். கொல்லையில் உட்கார்ந்து வள்ளிமயில் ஒரு குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்தாள். பச்சைப் பாசி போல ஏறியிருந்த களிம்பு போனதும் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது.

நம் பக்கத்தில் ஆண்கள் பேரைப் பத்திரத்தில் எழுதுவார்கள், பெண்கள் பேரைப் பாத்திரத்தில் வெட்டுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது, வம்ச ஆராய்ச்சி செய்த அத்தனை பேரும் அந்தப் பாத்திரத்திலிருந்துதான் தண்ணீர் மொண்டு குடித்தார்கள். யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

குடத்தில் இப்படி இருந்தது: ஓடைக்கரைப்பட்டி ஆவுடைத்தங்கம் சடங்குக்குத் தாய்மாமன் சீர், 9.6.58.

ஓடைக்கரைப்பட்டியிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ வந்தது ஒரே ஒரு பெண்தான். வள்ளிமயில் குடத்தைக் கழுவவில்லை, புளியோடு அப்படியே மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆவுடைத்தங்கம், ஆவுடைத்தங்கம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள்.

குடம் ஆவணமாகாது என்று உடனே பதில் வந்தது. அவள் போனை வைத்துவிட்டு எழுந்து நேராகக் கூடத்துக்குப் போனாள். அங்கே சங்கரபாண்டியன் பேனருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, செம்புத் தகட்டுல வெட்டுனா ஆவணம். பித்தளைக் குடத்துல வெட்டுனா என்னது?" என்றாள்.

அவர் அதற்கு விதிமுறை சொன்னார், சட்டம் சொன்னார், வேறு மரம் வேறு கிளை சொன்னார். தகடு என்பது அரசாணை, குடம் என்பது வீட்டு உபயோகப் பொருள் என்றார். கடைசியில், தான் ஒருத்தன் விரல் போடாதவரை எதுவும் ஏறாது, போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். உலோகம் செல்லரிக்காது என்று எழுதியதே அவர்தானே என்று நான் கேட்டேன். மருமகன்களுக்குக் குழுவில் பேச உரிமையில்லை என்று பாத்ரூமுக்குள்ளிருந்து பதில் வந்தது.

ஆனால் அதற்குள் செய்தி அடுக்களைகளுக்குப் போய்விட்டது. வள்ளிமயிலைத் தவிர வேறு எந்த வீட்டுப் பெண்ணும் அந்தக் குழுவில் கிடையாது, ஆனால் எந்த வீட்டு ஆணுக்கும் தன் போனின் பூட்டைத் திறக்கும் ரகசியம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு உண்டு, அது நினைப்பு மட்டும்தான். சென்னையில் ஒருவர் தூங்கும்போது அவர் விரல் விழுந்தது. துபாயில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது விழுந்தது. பினாங்கில் அவருக்குத் தெரியாமலேயே விழுந்து, அவர் தன் விரலைப் பார்த்து நன்றி என்றும் எழுதினார். எல்லாம் விழுந்து ஒன்றே ஒன்று பாக்கி நின்றது.

குருவம்மாள் மதினி மேஜையில் கிடந்த கணவரின் போனை எடுத்தாள். அது கைரேகைக்குத் திறக்கும் போன், அவள் விரலுக்கு அசையவில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பிரிட்ஜின் பக்கத்தில் விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற பூட்டன் வெள்ளையப்பனிடம் போய், "இங்கன வைங்க தாத்தா," என்றாள்.

வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் இடத்தைக் காட்டியதில்லை. கிழவர் சந்தோஷமாக வைத்தார். கொள்ளுப்பேரன் விரலும் பூட்டன் விரலும் போனுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது போலிருக்கிறது, மூக்கு மாதிரியே. திறந்த போனில் மறுபடி எங்கே வைக்க வேண்டும் என்று மதினி காட்டினாள். அங்கேயும் வைத்தார். வைத்த பிறகு தன் விரலைப் பார்த்தார். நல்ல ஆழமாகப் பதிந்துவிட்டதா என்று கேட்டார்.

அன்றைக்கு வளைவு இல்லை, மேளம் இல்லை. வள்ளிமயில் தலை சீவி, தேய்த்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று அறுபத்தோரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னை ஒரு தடவையாவது தூக்கினாளா என்று கேட்பேன், எனக்கு என்ன பேர் வைக்க நினைத்தாள் என்று கேட்பேன் என்றாள். காகிதம் பிடித்த வயசில்தான் ஆள் வரும் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவள் மறந்திருக்க மாட்டாள்.

மூன்றரை மணி பஸ் வந்தது. பதின்மூன்று வயசுப் பெண்ணொன்று இறங்கியது. தலைமுடியில் மஞ்சள்தண்ணீர் சொட்டியது. புதுச் சேலை அதற்குப் பெரிசாக இருந்து தரையில் இழுபட்டது. மூக்கு நேராக இருந்தது. யாரையும் தெரியாத ஊரில் இறங்கியது போலச் சுற்றிலும் பார்த்துவிட்டு, என் மனைவி இடுப்பில் இருந்ததைக் கண்டதும் நேரே வந்து நின்றது.

"அது எங்க மாமா குடுத்த கொடம்," என்றது.

"ஒன்னோடதுதான் தாயி," என்று வள்ளிமயில் குடத்தை நீட்டினாள். சேர்த்து வைத்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாது, அவை எல்லாம் அந்தப் பெண்ணுக்கு இன்னும் நடக்கவேயில்லை. அவள் முந்தானையை எடுத்துப் பிள்ளையின் தலையைத் துவட்டினாள், காதுக்குப் பின்னால் துவட்டினாள், கழுத்தில் வழிந்ததைத் துடைத்தாள். பிள்ளை தலையைக் குனிந்து காட்டியது. பிறகு உதடு துடிக்க, "எங்கம்மா எங்க?" என்று கேட்டது.

அது என் மனைவியின் சொந்தக் கேள்வி, பேச வந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அதற்கு அவளிடம் பதில் கேட்டு அவளுடைய அம்மாவே வந்து நிற்கிறாள். பஸ் திரும்பிப் போய்விட்டது. தூசி அடங்கும்வரை அவள் பிள்ளையின் ஈரத் தலையில் கையை வைத்தபடியே இருந்தாள்.

"தேடுவோம். பரண் பரணா ஏறித் தேடுவோம்," என்றாள் கடைசியில். "உங்கம்மா பேரு என்ன தாயி?"

நான்கு தலைமுறைக்குப் பேர் தேட அந்தக் குழு மூன்று வருஷம் சண்டை போட்டது. அந்தப் பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"குப்பாச்சி," என்றது. "அவுக அம்மா பேரு சீனியம்மா."